மிஸ் டோரத்திக்கு எண்ணெய் வைத்தவள்

முதல் பள்ளியில் அல்போன்சம்மாளின் கன்னத்தோடு ஓர் அட்டையை ஒட்டிவைத்துப் பார்த்தார்கள்.

சிங்கப்பூர் ஆர்ச்சர்ட் ரோட்டில், ஏர்கான் போட்ட அழகுக்கலைப் பள்ளி அது. அட்டையில் தந்தம், ரோஜா, தேன் என்று கட்டங்கட்டமாக இறங்கிவந்த நிறங்கள் காய்ந்த வைக்கோலோடு நின்றுவிட்டன. அட்டையைப் பிடித்திருந்த பெண் அதைப் புரட்டிப் பார்த்தாள். பின்பக்கத்தில் அச்சகத்தின் முகவரிதான் இருந்தது.

"சாரி மேடம். உங்க கலர் எங்ககிட்ட இல்ல."

"என்கிட்ட இருக்கே?" என்றாள் அல்போன்சம்மாள்.

"அட்டைல இருக்கணும்லா. அடுத்த அட்டை வந்தா கூப்பிடுறோம்."

இரண்டாவது பள்ளி தஞ்சோங் பகாரில், ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு தபால் பெட்டி. பாடமெல்லாம் அஞ்சல் வழி. தலையைப் பிடித்துவிடுவதைக்கூட அஞ்சலில்தான் கற்றுக்கொடுத்தார்கள்.

"அது எப்படிங்க?"

"நீங்க எப்படிப் பிடிச்சுவிடுவீங்கன்னு படம் வரைஞ்சு அனுப்பணும். நாங்க திருத்தி அனுப்புவோம்."

"எனக்குப் படம் வரைய வராதே."

"அப்ப முதல்ல டிராயிங் கோர்ஸ் எடுங்க. அதுவும் நம்மகிட்டயே இருக்கு."

அல்போன்சம்மாள் நன்றி சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

அவளுக்கு இந்த அலைச்சல் வந்த கதை சின்னது. எண்பத்தைந்தாம் வருஷம் ஊரெல்லாம் வேலை போய்க்கொண்டிருந்தபோது அவளுக்கும் போயிற்று. டிவிப் பெட்டி பொருத்தும் தொழிற்சாலையில் அவள் நின்ற வரிசையையே மூடிவிட்டார்கள். கணவன் மரியஅந்தோணி பஸ் பட்டறையில் மெக்கானிக். ஒரு சம்பளத்தில் புக்கிட் பாஞ்சாங் வீடு மூச்சுத் திணறியது. ஆனால் அல்போன்சம்மாளின் கையில் வேறொரு வித்தை இருந்தது. மாதா கோயிலில் கல்யாணம் என்றால் பெண்ணுக்குச் சிங்காரம் அவள்தான். சனி ஞாயிறுகளில் டன்லப் ஸ்திரீட்டில் சம்சுன்னிசா நடத்திவந்த அழகு நிலையத்துக்கும் போய்க் கை கொடுப்பாள்.

அந்தச் சம்சுன்னிசா இப்போது ஜொகூரில் மகனோடு போய் இருக்கப் போகிறாள்.

"கடைய உனக்குத்தான் தருவேன் புள்ள," என்றாள். "ஆனா லைசன்ஸ் உம் பேருக்கு வரணும். அதுக்கு அங்கீகாரம் உள்ள பள்ளிக்கூடத்துத் தாளு வேணுமாம். வருசக் கடைசிக்குள்ள வரலேன்னு வையி, கட்டடக்காரன் வீடியோ கேசட் கடைக்குக் குடுத்துருவான். அந்தப் பய இப்பவே வந்து எட்டிப் பாத்துட்டுப் போறான்."

"வாங்கிடுறேன் லாத்தா," என்று அக்காள் முறை சொல்லி வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் அல்போன்சம்மாள் புறப்பட்டிருந்தாள்.

மூன்றாவது பள்ளி ஜாலான் புசாரில், திருகாணி விற்கும் ஒரு கடையின் மேல்மாடியில் இருந்தது. பெயர்ப்பலகை கட்டடத்தைவிட அகலம். 'ராயல் காமன்வெல்த் அழகுக்கலை உயர்கழகம்.' இரண்டு சிங்கங்கள் ஒரு சீப்பைத் தூக்கிப் பிடித்திருந்தன.

முதல்வர் திருமதி கமலாம்பிகை பேரின்பநாயகம் மேசைக்குப் பின்னால் இருந்தார். எந்தப் புயலுக்கும் அசையாத கொண்டை. பக்கத்தில் பதிவாளர் சிவசுப்பிரமணியம். துறைமுக அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்துப் பட்டியை மட்டும் ஓய்வில் விடாதவர்.

"பிள்ளை, இஞ்ச நாங்கள் தலை வாரப் படிப்பிக்கிறதில்லை," என்று ஆரம்பித்தார் முதல்வர். "அதை எந்தத் தெருவிலயும் படிக்கலாம். நாங்கள் படிப்பிக்கிறது தலை வாருறதின்ர தத்துவம்."

"அரசாங்கம் ஒத்துக்கிட்ட பள்ளிதானுங்களே மேடம்?"

முதல்வர் புன்னகைத்தார். "அரசாங்கம் எங்களை அங்கீகரிக்க முன்னமே நாங்கள் அரசாங்கத்தை அங்கீகரிச்சிட்டம்."

சுவரில் அங்கீகாரப் பத்திரம் தொங்கத்தான் செய்தது. அட்டையை எடுத்துக் கன்னத்தில் ஒட்டவில்லை, படம் வரையச் சொல்லவில்லை, தமிழில் பேசினார்கள். இதுதான் பள்ளி என்று அல்போன்சம்மாள் முடிவு செய்தாள். சிவசுப்பிரமணியம் ரசீது எழுதினார்.

முதல் நாள் அவளை ஒரு தலைக்கு அறிமுகப்படுத்தினார்கள்.

கழுத்தோடு முடிந்த ரப்பர் தலை. நீலக் கண், பொன்னிற முடி. லண்டனிலிருந்து வந்தது.

"இவ மிஸ் டோரத்தி. உங்கட வாடிக்கையாளர்," என்றார் முதல்வர். "வணக்கம் சொல்லுங்கோ."

அல்போன்சம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தாள். ஆளுக்கொரு தலையின் முன் நின்ற பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தி தன் தலையிடம், "லண்டன்ல மழையா மேடம்?" என்று ஆங்கிலத்தில் விசாரித்துக்கொண்டிருந்தாள். அதற்குத் தனி மதிப்பெண் உண்டு என்று பிறகு தெரிந்தது.

"குட் மார்னிங் மேடம்," என்றாள் அல்போன்சம்மாள். மிஸ் டோரத்தி அவள் தோளுக்கு மேலாக எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பதில் வரலையே மேடம்?"

"பதில் சொல்லாத வாடிக்கையாளரையும் மகிழ்விக்கிறவள்தான் கலைஞி," என்றார் முதல்வர். சிவசுப்பிரமணியம் இதைக் குறித்துக்கொண்டார். முதல்வர் சொல்வதையெல்லாம் அவர் குறித்துக்கொள்வார்.

கழகத்தின் முதல் விதி, படிப்பு முடியும்வரை உயிருள்ள தலையில் கை வைக்கக் கூடாது என்பது. படிப்பு முடிந்த பிறகு வைக்கலாமா என்று ஒருத்தி கேட்டபோது, அதற்குப் பிறகு மேல்படிப்பு இருக்கிறது என்றார்கள். நம்மைப் போன்றவர்களின் அடர்ந்த கருமுடியைப் பற்றி எப்போது பாடம் நடக்கும் என்று அல்போன்சம்மாள் கேட்டாள். அது பன்னிரண்டாம் அத்தியாயம். புத்தகம் பதினோராம் அத்தியாயத்தோடு முடிந்தது. பன்னிரண்டாவது கப்பலில் வந்துகொண்டிருந்தது.

"எந்தக் கப்பல் மேடம்?"

"அதைக் கேக்கிறது மாணவியின்ர வேலையில்லை."

அவள் மிஸ் டோரத்தியின் பக்கம் திரும்பிச் சீப்பை எடுத்தாள். கடை முக்கியம். வீடியோ கேசட்காரன் வாசலில் நிற்கும் படம் கண்ணிலேயே இருந்தது. மாதக்கணக்கில் மிஸ் டோரத்தியிடம் வெயிலையும் மழையையும் விசாரித்தாள். மிஸ் டோரத்தியின் குழந்தைகளைக்கூட விசாரித்தாள். மிஸ் என்றால் கல்யாணமாகாதவர் என்று சொல்லி அதற்கு மதிப்பெண்ணைக் குறைத்தார்கள்.

வினை வந்தது இடைத்தேர்வுக்கு முந்தின நாள்.

வருஷா வருஷம் கைமாறி வாரப்பட்ட மிஸ் டோரத்தியின் முடி தேங்காய் நாராகச் சிக்கிக் கிடந்தது. அல்போன்சம்மாள் சீப்பை வைத்தாள். சீப்பின் இரண்டு பற்கள் போயின. முன்னால் ஒரு சிக்குத் தலை உட்கார்ந்திருந்தால் நம் வீட்டுப் பெண்கள் யாரும் யோசித்துக்கொண்டு நிற்பதில்லை. பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண் பிள்ளைகளுக்கு நித்தம் செய்வதைத்தான் அவளும் செய்தாள். பையிலிருந்து தேங்காயெண்ணெய்ச் சீசாவை எடுத்தாள். உள்ளங்கை நிறைய ஊற்றி, உச்சியில் வைத்து, நுனிவரை உருவி, வேர்க்கால் ஊறட்டும் என்று நன்றாக அழுத்தித் தேய்த்துவிட்டு, மீ கோரேங் சாப்பிடக் கீழே போனாள்.

திரும்பி வந்து சீப்பை வைத்து இழுத்தாள். சிக்கு சுகமாக வந்தது. கூடவே முடி முழுவதும் வந்தது. எண்ணெயில் பசை இளகி, தொப்பியைக் கழற்றியதுபோல் மொத்தமாகச் சீப்போடு வந்துவிட்டது.

பளபளவென்ற வழுக்கையோடு மிஸ் டோரத்தி அதே மாதிரி எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் தேர்வு நடக்கவில்லை. விசாரணை நடந்தது.

மிஸ் டோரத்தியைக் குஷன் போட்ட நாற்காலியில் வைத்து, தலையில் ஈரத்துண்டு சுற்றி, முன்னால் ஒரு கோப்பைத் தேநீரும் வைத்திருந்தார்கள். அல்போன்சம்மாளுக்கு நாற்காலி இல்லை. சிவசுப்பிரமணியம் தொண்டையைச் செருமினார்.

"சம்பவத்துக்கு முன்னம் வாடிக்கையாளர் உங்களோட ஏதும் கோவிச்சவவோ?"

"சார், அது பொம்மை."

சிவசுப்பிரமணியம் மெதுவாக எழுதிக்கொண்டே உரக்கச் சொன்னார். "குற்றம் சாட்டப்பட்டவர்... வாடிக்கையாளரை... 'அது' என்று... குறிப்பிட்டார்."

"எண்ணெய் வைக்கிறதுக்கு வாடிக்கையாளரின்ர சம்மதம் கேட்டனீங்களோ?"

"கேக்கல சார்."

"மறுத்தவவோ?"

"அதுவும் இல்ல சார்."

"அப்ப அவவின்ர அமைதியைச் சாதகமாப் பாவிச்சிருக்கிறீங்கள்."

பிறகு முதல்வர் எழுந்தார். கொண்டை விளக்கை மறைத்தது.

"பிள்ளையள், ஒண்டு விளங்கிக்கொள்ளுங்கோ. இத்தனை வருஷத்தில இந்தக் கழகத்தைப் பற்றி ஒரு வாடிக்கையாளர்கூட முறைப்பாடு சொன்னதில்லை. ஒருத்தருக்கும் முடி கொட்டினதில்லை, ஒருத்தருக்கும் முகம் வெந்ததில்லை. சிங்கப்பூரில வேற எந்தப் பள்ளி இப்பிடிச் சொல்லும்? எங்களால எப்பிடி முடிஞ்சது? நாங்கள் உயிருள்ள ஒருத்தரையும் தொட்டதில்லை! இந்தப் பரிசுத்தத்தை இண்டைக்கு இந்த அம்மா ஒரு சீசா எண்ணெயால கெடுத்துப்போட்டா."

கைதட்டினார்கள். கைதட்டுவதற்கும் மதிப்பெண் உண்டு.

முதல் தண்டனை, மிஸ் டோரத்தியிடம் எல்லோர் முன்னிலும் மன்னிப்புக் கேட்பது. அல்போன்சம்மாளுக்குக் காது மடல் சுட்டது. கடையை நினைத்துக்கொண்டாள். குனிந்தாள்.

"மன்னிச்சிருங்க மேடம்."

எல்லோரும் காத்திருந்தார்கள். நெடுநேரம் காத்திருந்தார்கள். தேநீர் ஆறி ஆடை கட்டியது.

"வாடிக்கையாளர் யோசிக்கிறா," என்று அறிவித்து, சிவசுப்பிரமணியம் விசாரணையை அடுத்த வாரத்துக்கு ஒத்திவைத்தார்.

அடுத்த வாரம் இரண்டாவது தண்டனை வந்தது. மிஸ் டோரத்திக்குப் புது முடி வேண்டும். அல்போன்சம்மாளுக்கோ இடுப்பைத் தாண்டிய பின்னல். அதை வெட்டி, வெளுக்க வைத்து, பொன்னிறமாக்கி மிஸ் டோரத்திக்கு ஒட்டிவிட்டால் விவகாரம் முடிந்தது. அவளும் தேர்வு எழுதலாம்.

"மேடம், இது வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துவிட்ட முடி," என்றாள் அல்போன்சம்மாள். "சின்னவளுக்கு டெங்குக் காய்ச்சல் வந்து பிழைச்சப்ப வேண்டிக்கிட்டது. ஊருக்குப் போய் இறக்கணும்."

முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் முகத்தில் உண்மையான துயரம் தெரிந்தது.

"பிள்ளை, மாதாவுக்கு முடி குடுக்க உலகம் முழுக்க ஆக்கள் இருக்கினம். மிஸ் டோரத்திக்கு ஆர் இருக்கினம்?"

அன்று மாலை புக்கிட் பாஞ்சாங் வீட்டில் சோறு ஆறிப்போயிற்று.

"முடிதானே அல்போன்சா, வளரும்லா," என்றான் மரியஅந்தோணி.

"மாதாகிட்ட நீங்க போய்ச் சொல்லுவீங்களா, உன் முடிய ஒரு ரப்பர் தலைக்கு ஒட்டிட்டோம்னு?"

"நான் எதுக்கு? ஏற்கெனவே என் மேல கோவத்துல இருக்காங்க. பூசைக்குப் போயி எத்தனை மாசம் ஆச்சு."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மறுநாள் டன்லப் ஸ்திரீட் போனபோது வீடியோ கேசட்காரன் கடைக்குள்ளேயே நின்று, அலமாரி எங்கே வைப்பது என்று கையால் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தான். சம்சுன்னிசா அவனைத் துடைப்பத்தால் விரட்டிவிட்டுத் திரும்பினாள்.

"என்னா புள்ள, தாளு வருமா வராதா? வராதுன்னா இப்பவே சொல்லிரு. நான் மனசத் தேத்திக்குவேன்."

"வரும் லாத்தா."

அன்று பிற்பகலே ஜாலான் புசார் மாடியேறினாள். முதல்வருக்கு முன்னிருந்த நாற்காலியில் உட்கார்ந்து பின்னலை முன்னால் எடுத்துப் போட்டாள். தாயே, இன்னொன்று வளர்த்துக் கொண்டுவந்து தருகிறேன், கோபித்துக்கொள்ளாதே என்று மனசுக்குள் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"வெட்டிக்கங்க மேடம்."

கத்தரிக்கோல் திறக்கும் சத்தம் கேட்டது. மூடும் சத்தம் கேட்கவில்லை.

கண்ணைத் திறந்தாள். முதல்வரின் கையில் கத்தரிக்கோல் கிடுகிடுவென்று ஆடியது. நெற்றி வியர்த்திருந்தது.

"இது... சூடா இருக்கு," என்றார்.

"என்ன மேடம்?"

"தலை. சூடா இருக்கு, அசையுது. மிஸ்டர் சிவசுப்பிரமணியம், ஒருக்கா வாங்கோ."

சிவசுப்பிரமணியம் வந்து ஒரு விரலால் பின்னலைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். பதினோராம் அத்தியாயத்துக்குப் பிறகு அட்டை வந்தது. கப்பல் எங்கே நிற்கிறது என்று இருவரும் கிசுகிசுத்துக்கொண்டார்கள். கடைசியில் முதல்வர் கத்தரிக்கோலை நீட்டினார்.

"நீங்களே வெட்டித் தாங்கோ, பிள்ளை."

அல்போன்சம்மாள் வாங்கினாள். பின்னலின் அடியில் ஒரு நூலைச் சுற்றி இறுக்கினாள். கத்தரிக்கோலை விரித்துப் பிடித்தாள்.

"நிப்பாட்டுங்கோ!"

சிவசுப்பிரமணியம் விதிப்புத்தகத்தை மார்போடு அணைத்தபடி நின்றார். "படிப்பு முடியாத மாணவி உயிருள்ள தலையில கை வைக்கிறா! முதல் விதி!"

"சார், என் தலை சார் இது."

"ஆரின்ர தலை எண்டு விதியில இல்லை. உயிர் இருக்கோ இல்லையோ, அதுதான் கேள்வி."

"நீங்கதானே வெட்டச் சொன்னீங்க?"

"நாங்கள் சொன்னதுக்காக விதியை மீறுறதோ?" என்றார் முதல்வர். இப்போது அவர் கை நடுங்கவில்லை. "உங்களைக் கழகத்திலயிருந்து நீக்கிறன்."

பின்னல் தப்பித்தது. கடை போயிற்று. அல்போன்சம்மாள் படியிறங்கி, திருகாணிக் கடை வாசலில் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஆனால் கழகம் எதையும் அரைகுறையாகச் செய்வதில்லை. அது அவர்கள் வரலாற்றில் முதல் நீக்கம். விழா எடுத்தார்கள். பூச்செண்டு வைத்தார்கள். போட்டோ ஸ்டுடியோவிலிருந்து ஆள் வரவழைத்தார்கள். வராவிட்டால் கட்டிய கட்டணத்தில் பாக்கி வராது என்று சொல்லியனுப்பியதால் அல்போன்சம்மாளும் போனாள்.

முதல்வர் கெட்டிக் காகிதம் ஒன்றைக் கொடுத்தார். ஓரமெல்லாம் தங்க நிறம். மேலே சீப்பைத் தூக்கிய சிங்கங்கள். கீழே கட்டைவிரல் கனத்துக்குச் சிவப்பு அரக்கு முத்திரை, பட்டு நாடா, இரண்டு கையெழுத்து. நடுவில், இன்னார் இன்ன குற்றத்துக்காக ராயல் காமன்வெல்த் அழகுக்கலை உயர்கழகத்திலிருந்து நீக்கப்பட்டார் என்று ஆங்கிலத்தில், வளைந்த எழுத்தில்.

பக்கத்தில் நின்ற மூத்த மாணவி பெருமூச்சு விட்டாள். "உங்களுக்காவது தாள் கிடைச்சது அக்கா. எங்க டிப்ளோமாத் தாள் எல்லாம் இன்னும் கப்பல்ல."

"இதுவரைக்கும் யாருக்குமேவா?"

"யாருக்குமே."

டன்லப் ஸ்திரீட்டில் சம்சுன்னிசா அந்தக் காகிதத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். ஆங்கிலம் தெரியாது. அரக்கு தெரியும்.

"எடுத்து மாட்டு புள்ள. இன்னக்கி லைசன்ஸ் ஆபீசர் வர்றாரு."

"லாத்தா, என்னைத் தொரத்தி விட்டுட்டாங்கன்னு போட்டிருக்கு."

"இருக்கட்டும். வெறுஞ் செவத்துக்கு இது தேவல."

உரிம அதிகாரி மாணிக்கம் மத்தியானம் வந்தார். கையிடுக்கில் ஃபைல், சட்டைப்பையில் மூன்று பேனா. நேராகச் சுவருக்குப் போய்க் காகிதத்தை ஒரு வரி விடாமல் படித்தார். அல்போன்சம்மாள் முந்திக்கொண்டாள்.

"சார், நான் உண்மைய சொல்லிடுறேன். அதுல என்ன போட்டிருக்குன்னா..."

"எனக்கு இங்கிலீஷ் தெரியும்மா. நீக்கியிருக்காங்க."

"ஆமா சார்."

மாணிக்கம் ஃபைலைத் திறந்தார். "அங்கீகாரம் உள்ள பள்ளியா? ஆமா. தாள் அவங்க கொடுத்ததா? ஆமா. உங்க பேரா? ஆமா. முத்திரை? பிரமாதமா இருக்கு." ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போட்டார்.

"பாஸ் பண்ணலையே சார்?"

"பாஸான்னு இங்க கேக்கலையே. கேக்காததுக்கு எப்படிம்மா நான் பதில் எழுதுறது?" அவர் பொறுமையாக விளக்கினார். "பாருங்க. உங்களை நீக்கியிருக்காங்கன்னா நீங்க அங்க இருந்திருக்கீங்க. இல்லாத ஆளை யாரும் நீக்க முடியாது. அப்ப நீங்க அந்தப் பள்ளியில படிச்சதுக்கு இதைவிட ஆதாரம் என்ன வேணும்? போன மாசம் அதே பள்ளியிலேருந்து நாலு பொண்ணுங்க வந்தாங்க. எல்லாம் முடிச்சாச்சு, தாள் கப்பல்ல வருதுன்னாங்க. கப்பலையா நான் சுவத்துல மாட்டுறது? ரிஜெக்ட் பண்ணிட்டேன்."

"நான் தலை வாரறதை ஒரு தடவை பாக்குறீங்களா சார்?"

"அதெல்லாம் எனக்கு எதுக்குமா?" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

வீடியோ கேசட்காரன் வேறு தெருவுக்குப் போனான். சம்சுன்னிசா சாவியை அல்போன்சம்மாளின் கையில் வைத்து அழுத்திவிட்டு ஜொகூர் பஸ் ஏறினாள். லைசன்ஸ் கிடைத்த வழி எப்படியோ ஜாலான் புசார் மாடிவரை போய்ச் சேர்ந்தது.

சில வாரம் கழித்து, பெயர்ப்பலகைக்குக் கொக்கி வாங்க அல்போன்சம்மாள் அதே திருகாணிக் கடைக்குப் போனாள். கடைக்குள் நுழைய வழியில்லை. மாடியிலிருந்து தெருவரை பெண்கள் வரிசை. படிக்கட்டின் பக்கத்தில் புது விளம்பரப் பலகை: 'நீக்கச் சான்றிதழ்ப் பயிற்சி. அரசாங்க உரிமத்துக்கு ஏற்றது. எங்கள் முன்னாள் மாணவி உரிமம் பெற்றுவிட்டார்! குறுகிய காலத்தில் நீக்கம் உறுதி.' கட்டணம் பழைய படிப்பைப்போல் இரண்டு மடங்கு. கூட்டத்தைப் பார்த்துத் திருகாணிக் கடைக்காரர் வாசலிலேயே கூல்ட்ரிங்ஸ் விற்க ஆரம்பித்திருந்தார்.

வரிசையில் ஒருத்தி முந்திக்கொண்டு படியேற, மேலே கழுத்துப்பட்டியோடு நின்ற சிவசுப்பிரமணியம் கத்தினார்.

"ஒழுங்கு தெரியாதோ? வெளிய போங்கோ!"

அவள் போகவில்லை. கையை நீட்டினாள். "வெளிய போன்னு சொல்லிட்டீங்கல்ல? அப்ப தாளைக் குடுங்க."

சிவசுப்பிரமணியம் ஒரு படி கீழே இறங்கினார். பிறகு குரலைத் தணித்து, அன்பாகவே சொன்னார்.

"முதல்ல காசைக் கட்டிச் சேருங்கோ பிள்ளை. சேராத ஆளை எப்பிடி நீக்கிறது?"